புதிய காற்றும் கோடை மழையும்

பட விமர்சனமானாலும் புத்தக வெளியீட்டு விழாவானாலும் 'புதிய காற்றாக வந்திருக்கிறது' என்று ஒரு வரி தவறாமல் வருகிறது. 'பிரெத் ஆஃப் ஃப்ரெஷ் ஏர்' என்கிற ஆங்கில வழக்கை அப்படியே தமிழில் இறக்கிய வரி அது.

இப்படி இறக்கிக்கொள்வதை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. 'திருப்புமுனை', 'முதலைக் கண்ணீர்' எல்லாம் அந்த வழியில் வந்தவைதான். இன்று ராஜபாளையம் டீக்கடை அரசியல் பேச்சில்கூட அவை சரளமாகப் புழங்குகின்றன. 'கட்சிக்குப் புது ரத்தம் பாய்ச்ச வேண்டும்' என்றால் மேடைக்குக் கீழே கைதட்டுகிறார்கள். கேட்டவுடனே காட்சி தெரிகிறது, ஒட்டிக்கொள்கிறது.

புதிய காற்று அப்படி ஒட்டவில்லை. நிலக்கரிப் புகையில் திணறிய ஊர்களில் நல்ல காற்று ஒரு மூச்சு கிடைப்பதே பெரிய விஷயம். 1952 டிசம்பரில் லண்டனைச் சூழ்ந்த புகைமூட்டம் ஆயிரக்கணக்கானவர்களைக் கொன்றது. அங்கே அந்தச் சொல்லுக்குக் கனம் உண்டு. ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் கதை வேறு. சித்திரை மத்தியானம் வைத்தியநாத சுவாமி கோயில் கல்தரையில் பாதம் பதித்து நடக்க முடியாது. நிழல் பார்த்து ஓட வேண்டும். இந்த வெயிலில் வாழ்கிறவர்களுக்கு வேண்டியது குளிர்ச்சி. அதனால்தான் நல்ல பேச்சு ஒன்றைக் கேட்டுவிட்டு, 'கோடை மழை பெஞ்ச மாதிரி இருந்துச்சு' என்கிறார்கள். படம் பிடித்திருந்தால் 'கண்ணுக்குக் குளிர்ச்சி'. பிடிக்காவிட்டால், 'அரைச்ச மாவையே அரைக்கிறாங்க'.

இதைவிட மோசம் 'பெட்டிக்கு வெளியே சிந்தியுங்கள்' என்பது. ஒன்பது புள்ளிகளைக் கை எடுக்காமல் நான்கு நேர்கோடுகளால் இணைக்கும் புதிரோடு சேர்ந்து பரவிய வழக்கு அது. கோடு புள்ளிகளின் சதுரத்தைத் தாண்டிப் போனால்தான் விடை வரும். அந்தச் சதுரம்தான் பெட்டி. புதிரைச் சொல்லாமல் பெட்டியை மட்டும் சொன்னால் பள்ளிக்கூடப் பிள்ளை எதைப் புரிந்துகொள்ளும்?

நம் வழக்குகளிலும் குறை உண்டு. குளிர்ச்சி இதம் தரும் புதுமைக்குத்தான் சரிப்படும். பழையதை உடைக்கும் புதுமைக்குப் பற்றாது. ஸ்டுடியோவை விட்டுக் கேமராவைக் கிராமத்துக்குக் கொண்டுபோன பாரதிராஜாவின் '16 வயதினிலே' (1977) படத்தைக் கோடை மழை என்றால், அது செய்த காரியம் சிறுத்துவிடும். கடன் வாங்கிய 'திருப்புமுனை'தான் அங்கே கச்சிதம். ஆகவே கடன் வாங்குவதில் தப்பில்லை. வீட்டில் இருப்பதைப் பார்க்காமலே வாங்குவதுதான் தப்பு.

எழுத்தாளர் கி. ராஜநாராயணன் கரிசல் காட்டு மக்களின் பேச்சைத் திரட்டி அகராதியே போட்டுத் தந்திருக்கிறார். விமர்சனம் எழுதுகிற தம்பி, தங்கைகளே, அடுத்த தடவை 'புதிய காற்று' என்று எழுதக் கை போகும்போது, முதலில் அந்த அகராதியை ஒருமுறை புரட்டிப் பாருங்கள்.