ஒரு விரல் எழுதிய வாழ்க்கை

பெருமூளை வாதம் பற்றிய எழுத்துகளில் பெரும்பாலானவை குழந்தையைச் சுற்றியே அமைகின்றன. அக்குழந்தை இருபது வயதைக் கடந்தபின் என்ன ஆகிறது என்னும் வினா அரிதாகவே எழுகிறது. மூளைக்கு நேர்ந்த பாதிப்பு வளர்வதில்லை; ஆள் வளர்கிறார். ஆசையும் நாணமும் சினமும் உடன் வளர்கின்றன.

அயர்லாந்தின் கிறிஸ்டி பிரவுன் 1954இல் வெளியிட்ட ‘மை லெஃப்ட் ஃபுட்’ இத்துறையில் முன்னோடி நூல். டப்ளின் கொத்தனார் ஒருவரின் மகன், இடக்காலால் எழுதக் கற்ற வரலாறு அது. எனினும், நூல் வெளிவந்தபோது அவருக்கு வயது இருபத்திரண்டே. முழு வாழ்வு அதில் அடங்க இடமில்லை.

அந்த வெற்றிடத்தை நிரப்புவது, மும்பையின் மாலினி சிப் எழுதி 2011இல் வெளிவந்த ‘ஒன் லிட்டில் ஃபிங்கர்’ என்னும் தன்வரலாறு. ஒரே விரலால் தட்டச்சுச் செய்யப்பட்ட நூல். கல்லூரியில் உணர்ந்த தனிமை, இலண்டனில் மின்சாரச் சக்கர நாற்காலி தந்த விடுதலை, காதலுக்கான ஏக்கம் ஆகியவற்றை ஒளிவுமறைவின்றிப் பேசும் பகுதிகளே இதன் உயிர்நிலை. ஊர் மாறியதும் உடல் மாறவில்லை. ஆனால் வாழ்வு மாறிற்று. எனவே தடை உடலில் மட்டும் இல்லை என்பதை வாதமின்றியே நூல் நிறுவிவிடுகிறது.

குறையும் உண்டு. நூலாசிரியரின் தாய் மித்து ஆலூர், 1972இல் மும்பையில் சிறப்புக் கல்வி மையம் தொடங்கியவர். அத்தகைய தாயும் வெளிநாட்டுக் கல்வியும் வாய்க்காத இளைஞரின் நிலையை இந்நூலைக் கொண்டு அளந்துவிட முடியாது. உறவினர் ஷொனாலி போஸ் இவர் வாழ்வால் உந்தப்பெற்று 2014இல் அளித்த ‘மார்கரிட்டா வித் எ ஸ்ட்ரா’ திரைப்படத்துக்கும் இது பொருந்தும். ஆயினும், நாயகியை இரக்கப் பொருளாக்காமல், தவறு செய்யவும் உரிமையுள்ள பெண்ணாகக் காட்டியது அப்படத்தின் துணிவு.

மலேசியாவின் 2008ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டம் கல்வியையும் வேலைவாய்ப்பையும் பேசுகிறது. மாக் மண்டின் போன்ற தொழிற்பேட்டைப் பகுதியில், பள்ளி முடித்த பிள்ளைக்குத் தொழிற்சாலை வாயில் தெரியும். கை வசப்படாத பிள்ளைக்கு எந்த வாயில்? பள்ளியின் கடமை எழுத்தறிவித்தலோடு முடிந்ததாகக் கருதுவோர் மாலினியின் நூலைப் படித்தல் நன்று. அவர் கேட்பது கருணையன்று. தம் வாழ்வைத் தாமே தீர்மானிக்கும் உரிமை.