சுவர் இருந்தால் மட்டும் போதுமா?

சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுதலாம் என்பது நம் பழமொழி. உடலைப் பேணுக என்று அறிவுறுத்தவே முன்னோர் அதைச் சொல்லி வைத்தனர். ஆயினும் ஓவியக் கலைக்கே அதனை நேர்ப்பொருளில் பொருத்திப் பார்க்கையில் ஒரு வினா எழுகின்றது. சித்திரத்திற்குச் சுவர் கொடுத்துவிட்டால் ஒரு கலைக்கூடத்தின் கடமை முடிந்துவிடுமா? ஓவியத்தைத் தன் பெருமைகளுள் ஒன்றாகப் போற்றும் கொல்கத்தா மாநகரில் வாழும் தமிழர்களாகிய நாம் இவ்வினாவை ஆராய்வது பொருத்தமே.

இந்நகரில் சுவருக்குப் பஞ்சமில்லை. லேடி ராணு முகர்ஜி 1933இல் நிறுவிய அகாடமி ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ் கதீட்ரல் சாலையில் இருக்கின்றது. அதற்கு அண்மையிலேயே, ககனேந்திரநாத் தாகூரின் பெயர் தாங்கிய மாநில அரசின் காட்சிக்கூடம் உள்ளது. பெயர் பெற்ற ஓவியரும், நேற்றுக் கல்லூரியை விட்டு வெளிவந்த இளைஞரும் இங்கே வாடகை செலுத்தித் தம் படைப்புகளை மக்கள்முன் வைக்கலாம். அகாடமியில் நாடகம் காண வந்தவர், திரை உயரும் வரையில் ஓவியங்களைப் பார்த்து நிற்பதுண்டு. செல்வர் மாளிகையின் வரவேற்பறையிலிருந்து கலையை விடுவித்து வீதிக்கு அருகே கொணர்ந்தது இத்தகைய கூடங்களின் அருந்தொண்டு. இதனை எவரும் குறைத்து மதிப்பிடலாகாது.

ஆனால், சில நாட்களில் கண்காட்சி முடிகின்றது. படங்கள் ஆணியினின்றும் இறங்குகின்றன; வேறொருவர் படங்கள் ஏறுகின்றன. இறங்கிய படங்கள் எங்கே போகின்றன? வாங்குவார் இருப்பின் ஒரு வீட்டிற்கு. இல்லையேல் ஓவியரின் கட்டிலுக்கு அடியில். ஊர் தன் கலைஞனுக்குச் சுவரை வாடகைக்கு விட்டது. அவன் படைப்பைத் தனதாக்கிக்கொள்ளவில்லை.

இதனால் விளையும் இழப்பைக் காளிகாட் பட ஓவியங்களின் வரலாறு காட்டுகின்றது. நம்மவர் பலர் குடியிருக்கும் லேக் மார்க்கெட்டிலிருந்து காளிகாட் கோயில் நெடுந்தொலைவில் இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அக்கோயிலைச் சுற்றி வாழ்ந்த பட்டுவாக்கள், விரைந்தோடும் தூரிகையால் தெய்வங்களையும் நகரத்துப் பகட்டர்களையும் தாளில் தீட்டினர். யாத்திரிகர் அவற்றைச் சில காசுகளுக்கு வாங்கிச் சென்றனர். மலிவான அச்சுப் படங்கள் வந்து குவியவே, இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அத்தொழில் நலிந்து மறைந்தது. அவற்றைத் தேடிச் சேர்த்தவர்களுள் அயல்நாட்டார் பலர். இன்று உலகின் மிகப் பெரிய காளிகாட் தொகுப்பு, 600க்கு மேற்பட்ட ஓவியங்களுடன், இலண்டனிலுள்ள விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கின்றது. 2011இல் அவற்றுட் சில கொல்கத்தா விக்டோரியா நினைவு மண்டபத்திற்குக் காட்சிக்கு வந்தன. பிறந்த வீட்டிற்கு அவை விருந்தாளியாக வந்து, விருந்தாளியாகவே திரும்பின!

இந்த இழப்பின் அளவை உணர ஜாமினி ராயை நினைத்தல் வேண்டும். இந்நகரின் அரசு ஓவியப் பள்ளியில் மேனாட்டு முறை பயின்ற அவர், 1920களில் அதனைத் துறந்து, காளிகாட் படங்களிலும் வங்கக் கிராமியக் கலையிலும் தமக்குரிய கோட்டைக் கண்டார். இன்று அவருடைய ஓவியங்கள் 1972ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் தேசத்தின் கலைச்செல்வம். அவற்றை ஏற்றுமதி செய்தல் ஆகாது. மாணவனின் படைப்புக்குக் காவல் உண்டு. ஆசான்களின் படைப்போ காவல் வருமுன்னரே கடல் கடந்துவிட்டது. பழையதைக் காப்பது வெறும் பழம்பெருமை அன்று. நாளைய ஓவியனின் கைக்கு வழிகாட்டியை வைத்துச் செல்வதாகும்.

இதனை உணர்ந்தவர் குருசதய் தத்தர் (1882–1941). ஐ.சி.எஸ். அதிகாரியாகிய அவர், தாம் சென்ற ஊர்களிலெல்லாம் பட ஓவியங்களையும், காந்தா துணிகளையும், சுடுமண் பலகைகளையும் சேகரித்தார். கோப்புகளோடு வாழ்நாளைக் கழிக்கும் எம்போன்றோர்க்கு அவர் ஒரு பாடம். அத்தொகுப்பே ஜோக்காவில் அவர் பெயரால் அமைந்த காட்சிச்சாலை. எனினும் 2017இல் மத்திய அரசின் நிதியுதவி நின்றதும் அது பெரும் இன்னலுக்கு உள்ளாயிற்று. திறப்பு விழாவிற்குக் காட்டும் ஊக்கத்தை ஆண்டுதோறும் ஊதியமும் பராமரிப்பும் அளிப்பதில் காட்டாவிடில், எந்தக் கூடமும் நிலைக்காது.

தமிழகத்தின் அனுபவமும் இங்கே நினைவுகூரத்தக்கது. சென்னைக் கடற்கரையின் உழைப்பாளர் சிலையை அறியாத தமிழர் இலர். அதனை வடித்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி வங்காளி. சென்னை ஓவியப் பள்ளியை ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் நடத்தியவர். அவருடைய மாணவரான கே. சி. எஸ். பணிக்கர், வேறு ஓவியர்களோடு சேர்ந்து 1966இல் சோழமண்டலம் கலைஞர் கிராமத்தை உருவாக்கினார். ஓவியம் விற்று மட்டும் வாழ இயலாத அக்கலைஞர்கள், பாத்திக் முதலிய கைவினைப் பொருள்களை விற்றுத் தம் கலையைக் காத்தனர். வங்கம் நமக்கு ஓர் ஆசானைத் தந்தது. நம் மண்ணின் கலைஞர்களோ, கூடம் தேடிக் காத்திராமல் தாமே ஒன்றை எழுப்பிக்கொண்டனர்.

அங்ஙனமாயின், இங்கு வாழும் நாம் செய்யக்கூடியது யாது? ஞாயிற்றுக்கிழமைகளில் குழந்தைகளை அழைத்துக்கொண்டு கதீட்ரல் சாலைக்குச் செல்லலாம். புதுமனை புகுவார்க்குச் சுவர்க்கடிகாரம் பரிசளிக்கும் வழக்கத்தை விடுத்து, ஓர் இளம் ஓவியரின் சிறு படத்தை அளிக்கலாம். இவற்றினும் மேலாக, நம் சங்கங்கள் ஆண்டிற்கு ஒன்றாக, இந்நகரில் வாழும் ஓவியர் ஒருவரின் படைப்பை, அவர் வங்காளியாயினும் தமிழராயினும், விலை கொடுத்து வாங்கி மண்டபத்தில் நிலையாக வைக்கலாம். இருபது ஆண்டுகளில் இருபது ஓவியங்கள் சேரும். இந்த ஊரில் நாம் எவ்வாறு வாழ்ந்தோம், யாரோடு வாழ்ந்தோம் என்பதை நம் பேரக்குழந்தைகள் அவற்றைக் கண்டு அறிவர்.

சுவர் நம்மிடம் இருக்கின்றது. அதில் சித்திரம் நிலைக்கச் செய்வதே இனி நம் பணி.