அடுக்களைக் கதவைச் சாத்திய தோழிகள்

திகில் படங்களில் பெண்கள் அதிகமாகச் சாகிறார்கள் என்பது பழைய குற்றச்சாட்டு. உண்மைதான். ஆனால் சாவுகளை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தால் அவற்றுக்கு முன்னால் நடக்கும் ஒன்று கண்ணில் படாமல் போய்விடும். கத்தி வருவதற்கு வெகு முன்பே அந்தப் பெண் தனியாளாக்கப்பட்டிருப்பாள். அவள் கண்டதைக் கேட்க ஆள் இருக்காது; கேட்டாலும் நம்பமாட்டார்கள். பேயோ சாத்தானோ முகமூடிக்காரனோ அந்த வெற்றிடத்துக்குள்தான் வந்து நிற்கிறார்கள். திகில் படத்தின் முதல் பலி பெண்களுக்கு இடையிலான தோழமை என்பதுதான் என் வாதம்.

இந்த வாதம் பேச்சில் பிறந்தது. ஒவ்வோர் அக்டோபர் கடைசியிலும், மேற்கில் ஹாலோவீன் களைகட்டும் நாட்களில், நாங்கள் தோழிகள் ஐந்து பேர் பழைய திகில் படங்களைப் பார்த்துவிட்டு இணையத்தில் கூடிப் பேசுவோம். ஒருத்தி வழக்கறிஞர், ஒருத்தி செவிலியர், இருவர் என்னைப்போல வகுப்பெடுப்பவர்கள். அதில் ஒருத்தி டொரண்டோவில் இருக்கிறாள். எங்களுக்கு இரவு, அவளுக்கு நண்பகல். பேய்ப் படத்தைப் பட்டப்பகலில் பேசும் வசதி அவளுக்கு மட்டும்தான். பேச்சு பெரும்பாலும் ஒரே கேள்வியில் தொடங்கும்: “அவ ஏன்டி யார்கிட்டயும் சொல்லல?”

பாதிக்கப்பட்ட எந்தப் பெண்ணிடமும் ஊர் கேட்கும் கேள்வி இது. இதைக் கையில் வைத்துக்கொண்டு மூன்று படங்களை வரிசையாகப் பார்த்தோம். மூன்றிலும் பெண்கள் சொல்லியிருக்கிறார்கள்.

முதலில் ஆல்ஃப்ரெட் ஹிட்ச்காக்கின் ‘சைக்கோ’, 1960. குளியலறையில் மேரியன் கொல்லப்படும் காட்சி ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். அதைப் பற்றி எழுதப்பட்டவையோ அலமாரி அலமாரியாக இருக்கின்றன. அதற்குப் பின் வரும் லைலாவைப் பற்றி அவ்வளவு பேச்சில்லை. லைலா மேரியனின் உடன்பிறந்தவள். காணாமல் போனவளைத் தேடிக்கொண்டு வருகிறாள். ஊர் ஷெரீஃப் விடுதிக்காரன் நார்மனிடம் தொலைபேசியில் விசாரித்துத் திருப்தியடைந்துவிடுகிறார். லைலா அடையவில்லை. மேட்டில் நிற்கும் அந்த வீட்டுக்குள் நுழைந்து, மாடியறையைத் திறந்து, நிலவறைவரை இறங்கி உண்மையைக் கண்ணால் காண்பவள் அவள்தான். ஆனால் கதையின் முடிவுரையை அவளிடம் படம் கொடுக்கவில்லை. மனநல மருத்துவர் ஒருவர் நின்றுகொண்டு நெடுநேரம் விளக்க, அவள் உட்கார்ந்து கேட்கிறாள்.

அந்த விளக்கத்தில்தான் எங்கள் வழக்கறிஞர் தோழி பிடியைக் கண்டுபிடித்தாள். மகனை விடாமல் பற்றிக்கொண்டு ஆட்டிவைத்த தாய் என்று மருத்துவர் நார்மனின் அம்மாவை வருணிக்கிறார். படம் முழுக்க அந்த அம்மாவின் வசவு நம் காதில் விழுந்துகொண்டே இருக்கிறது. ஆனால் அவள் செத்துப் பத்தாண்டாகிறது, கொன்றவன் மகன். நாம் கேட்ட ஒவ்வொரு சொல்லும் அவன் வாயிலிருந்து வந்தது. “இதைத்தாண்டி நான் கோர்ட்ல பார்க்கிறேன்” என்றாள் அவள். “கொன்னவன் குடுக்குற வாக்குமூலம்தான் செத்தவளுக்கு நடத்தைச் சான்றிதழ்.” மாணவிகள் இந்தப் படத்தைப் பார்க்கும்போது அந்தத் தாய் சொந்தக் குரலில் என்ன பேசினாள் என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளச் சொல்வேன். தாள் வெறுமையாக இருக்கும்.

அடுத்தது ‘ரோஸ்மேரிஸ் பேபி’, 1968. ஐரா லெவின் முந்தைய ஆண்டு வெளியிட்ட நாவலிலிருந்து எடுக்கப்பட்டது. நியூயார்க்கின் பழைய அடுக்குமாடிக் கட்டடம் ஒன்றுக்கு ரோஸ்மேரியும் நடிகனான அவள் கணவன் கையும் குடிவருகிறார்கள். அங்கே அவளுக்கு முதலில் கிடைக்கும் தோழி டெர்ரி. நிலவறையில் துணி துவைக்கும் இடம் பயமாக இருக்கிறது, இனி சேர்ந்தே வரலாம் என்று இருவரும் பேசிக்கொள்கிறார்கள். சில காட்சிகளுக்குள் டெர்ரி தெருவில் பிணமாகக் கிடக்கிறாள். படத்தில் சாத்தான் தலைகாட்டும் முன்பே தோழி அகற்றப்பட்டாயிற்று.

பிறகு பக்கத்து வீட்டு மின்னி கொண்டுவந்து தரும் இனிப்பு. அடிநாக்கில் சுண்ணாம்புபோல ஏதோ தட்டுகிறது என்று ரோஸ்மேரி சொல்கிறாள். அப்படியெல்லாம் இல்லை, சாப்பிடு என்கிறான் கணவன். அவள் மயங்கிவிடுகிறாள். விடிந்ததும் உடம்பில் நகக்கீறல்கள். பிள்ளைக்காகக் குறித்த இரவைத் தவறவிட மனமில்லை, நகத்தை அராவிவிட்டேன் என்று சர்வசாதாரணமாகச் சொல்கிறான். அந்த இரவில் உண்மையில் நடந்தது வேறு என்பது நமக்குப் பிறகு தெரியவரும். ஆனால் ஒரு மனைவியைச் சமாதானப்படுத்த இந்தப் பொய் போதும் என்று கணவன் நம்புகிறான் பாருங்கள், அதுதான் எங்களை உறையவைத்தது. நினைவிழந்து கிடந்த மனைவியின் உடலை எடுத்துக்கொண்டேன் என்பது அவனுக்குக் குற்ற ஒப்புதலாகவே படவில்லை. சட்டமும் அவன் பக்கம் இருந்தது. படம் வந்த ஆண்டில் அமெரிக்காவின் எந்த மாநிலமும் கணவனின் வல்லுறவைக் குற்றமாகக் கருதவில்லை. ஐம்பது மாநிலங்களிலும் சட்டம் மாற 1993 வரை ஆனது. நம் நாட்டில் 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 63ஆம் பிரிவிலும், பதினெட்டு வயது நிரம்பிய மனைவி விஷயத்தில் கணவனுக்கு அந்த விலக்கு அப்படியே இருக்கிறது. அரை நூற்றாண்டுக்கு முந்தைய படத்தை நம் மாணவிகள் பழைய படமாகப் பார்க்க முடியாததற்குக் காரணம் இது.

ரோஸ்மேரி வாயும் வயிறுமாகிறாள். மருத்துவர் அவளுக்குத் தரும் முதல் அறிவுரை: புத்தகம் எதையும் படிக்காதே, தோழிகள் பேச்சையும் கேட்காதே. வாரக்கணக்கில் அவளுக்கு வலி. உடம்பு இளைத்துக்கொண்டே போகிறது. எல்லாம் சரியாகிவிடும் என்கிறார் அவர். எங்கள் செவிலியர் தோழி இங்கே படத்தை நிறுத்திவிட்டாளாம். “வலிக்குதுன்னு சொல்ற பொம்பளைய நம்புறதுக்கு ஆஸ்பத்திரியில எத்தனை நாளாகும்னு எனக்குத் தெரியும்” என்றாள்.

இதற்குப் பிறகு வரும் காட்சியைத்தான் நான் மொத்தப் படத்தின் இதயமாக நினைக்கிறேன். ரோஸ்மேரி தன் வயதொத்த பழைய நண்பர்களுக்கு விருந்து வைக்கிறாள். நடுவில் அடுக்களைக்குள் உடைந்து அழுகிறாள். தோழிகள் கூடுகிறார்கள். உள்ளே வரப் பார்க்கும் கணவனை வெளியே நிறுத்திக் கதவைச் சாத்துகிறார்கள். இப்படி வலிப்பது இயல்பல்ல, வேறு மருத்துவரைப் பார் என்கிறார்கள். சூனியம், சதி எதுவும் அவர்களுக்குத் தெரியாது. அழுபவளை நம்பினார்கள், அவ்வளவுதான். சாத்தானின் கூட்டம் மாதக்கணக்கில் கட்டிய வேலி அந்தச் சில நிமிடங்களில் ஆட்டம் காண்கிறது.

பிற்பாடு அவள் அந்த வேறு மருத்துவரிடம் ஓடி எல்லாவற்றையும் சொல்கிறாள். அவர் பொறுமையாகக் கேட்கிறார், படுத்து ஓய்வெடுக்கச் சொல்கிறார், பிறகு அவள் கணவனுக்கும் பழைய மருத்துவருக்கும் தகவல் அனுப்பிவிடுகிறார். அவர் சதிகாரர் அல்லர். பெண்ணின் பேச்சைவிட இன்னொரு மருத்துவரின் பெயரை நம்பும் சராசரி மனிதர்.

தமிழ் படித்தவளுக்கு இங்கே வேலன் நினைவுக்கு வராமல் இருக்க முடியாது. சங்க அகப்பாடல்களில் தலைவியின் உடல் மெலிகிறது. முருகு அணங்கியது என்று தாய் வேலனை அழைத்து வெறியாட்டு எடுக்கிறாள். கழங்கு பார்க்கிறார்கள், ஆட்டைப் பலியிடுகிறார்கள். பெண்ணுடலைப் பற்றி எல்லோரும் பேச, அவளை யாரும் கேட்பதில்லை. உண்மை அறிந்தவள் தோழி. அவள் வாய்திறப்பதைத்தான் இலக்கணம் ‘அறத்தொடு நிற்றல்’ என்கிறது. ஒரு பெண்ணின் உண்மையை இன்னொரு பெண் எடுத்துச் சொல்வதற்கு அறம் என்று பெயர் வைத்த மரபு நம்முடையது. அந்த அறம் கடைசியில் திருமணத்துக்குத்தான் வழி திறக்கிறது, தோழிக்கென்று ஒரு காதலை மரபு பேசுவதில்லை என்ற குறையும் அதிலேயே இருக்கிறது. இருந்தாலும் ‘வெறி’ பாடியே பெயர் பெற்ற வெறிபாடிய காமக்கண்ணியாரின் வழிவந்த நமக்கு, ரோஸ்மேரியின் அடுக்களையில் நடந்தது என்னவென்று தனியாக விளக்க வேண்டியதில்லை.

இந்தப் படத்தைப் பார்க்க மறுத்தவள் எங்களில் ஒருத்தி உண்டு. இயக்குநர் ரோமன் போலன்ஸ்கி பதின்மூன்று வயதுச் சிறுமியுடன் சட்டவிரோதப் பாலுறவு கொண்டதை 1977இல் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டு, தண்டனை அறிவிக்கப்படும் முன் 1978இல் நாட்டைவிட்டு ஓடியவர். அவள் மறுப்பு நியாயமானது. கதையை நாங்கள் சொன்னோம், கேட்டுவிட்டு விவாதத்தில் கலந்துகொண்டாள். வகுப்பில் இந்தப் படத்தைக் காட்டுகிறவர்கள் திரையிடலுக்கு முன்பே இதைச் சொல்லிவிட வேண்டும் என்பது என் நிலைப்பாடு. பெண்ணின் சொல்லை நம்பாத உலகத்தைப் பற்றிய படத்தைக் காட்டிவிட்டு, அதை எடுத்தவரைப் பற்றிய ஒரு சிறுமியின் சொல்லை மறைப்பது நேர்மையாகாது.

மூன்றாவது, ஜான் கார்பென்டரின் ‘ஹாலோவீன்’, 1978. திரைக்கதையை அவருடன் சேர்ந்து எழுதித் தயாரித்தவர் டெப்ரா ஹில். ஆனி, லிண்டா, லாரி என்ற மூன்று பெண்களின் அரட்டையில் உயிர் இருப்பதற்கு அவர் கை முக்கியக் காரணம். லாரி வகுப்பறைச் சன்னல் வழியே அவனைப் பார்க்கிறாள். வேலிப்புதர் அருகே பார்க்கிறாள், ஆனியிடம் சொல்கிறாள். ஆனி போய்ப் பார்த்துவிட்டுக் கேலி செய்கிறாள். இரவில் லிண்டாவின் கழுத்தைத் தொலைபேசிக் கம்பி இறுக்கும்போது மறுமுனையில் இருக்கும் லாரிக்கு அது தோழியின் விளையாட்டாகக் கேட்கிறது. பெண்களை இணைக்கும் கம்பியே கொலைக்கருவியாகிறது.

“கட்டுப்பெட்டிப் பொண்ணு பிழைச்சுக்கிறா, மத்தவங்க சாகுறாங்க” என்று மாணவிகள் இந்தப் படத்தைச் சுருக்கிவிடுவதுண்டு. லாரியும்தான் ஆனியோடு காரில் கஞ்சா புகைக்கிறாள். அவளைப் பிழைக்கவைப்பது கற்பு அல்ல. அவள் பார்க்கிறாள், பார்த்ததை மறக்காமல் இருக்கிறாள். கடைசிவரை மிஞ்சும் இவளைப் போன்றவளுக்குக் ‘கடைசிப் பெண்’ என்று பெயரிட்டவர் அமெரிக்க அறிஞர் கேரல் குளோவர். ஆண் பார்வையாளர்கள் அவளோடு எப்படி ஒன்றுகிறார்கள் என்பது அவர் எழுப்பிய முக்கியமான கேள்வி. பெண்களாகக் கூடிப் பேசிய எங்களுக்கு வேறொரு கேள்வி இருந்தது: ஒருத்தி ஏன் கடைசியாக, தனியாக மிஞ்ச வேண்டும்?

அதற்கான விடை ஒரு வாசல் விளக்கில் இருக்கிறது. லாரி அலறிக்கொண்டு அண்டைவீட்டுக் கதவைத் தட்டுகிறாள். விளக்கு எரிகிறது. உள்ளே இருப்பவர் எட்டிப் பார்க்கிறார். விளக்கு அணைகிறது. ஆண்டில் அந்த ஓர் இரவில் அலறல் என்பது வேடிக்கை, பண்டிகையின் பகுதி. பிள்ளைகளின் விளையாட்டு என்று அந்த வீட்டுக்காரர் மறுபடி படுத்திருப்பார். பெண்ணின் அலறலை நம்பாமலிருக்க ஊருக்கு எப்போதும் ஒரு சாக்கு வேண்டும், அன்று ஹாலோவீன். பின்னல் ஊசியும் துணி மாட்டும் கம்பியுமாக அவள் போராடுகிறாள். வீட்டில் பெண்ணின் கைக்கு எட்டுபவை அவைதாம்.

லாரியாக நடித்த ஜேமி லீ கர்ட்டிஸ், ‘சைக்கோ’வின் மேரியனாக நடித்த ஜேனட் லீயின் மகள். 1998இல் இந்த வரிசையில் வந்த இன்னொரு படத்தில் தாயும் மகளும் ஒன்றாக நடித்தார்கள். தாய் பாதிப் படத்தில் கொல்லப்பட்டாள், மகள் பிழைத்தாள் என்று பதினெட்டு ஆண்டு இடைவெளியை முன்னேற்றமாக வாசிப்பவர்கள் உண்டு. மேரியனுக்காக லைலா வந்தாள், லாரிக்காக எந்தப் பெண்ணும் வரவில்லை என்பதையும் அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

அடுத்து ஒரு திகில் படம் பார்க்கும்போது தோழி எந்த நிமிடத்தில் காணாமல் போகிறாள் என்று குறித்துக்கொள்ளுங்கள். அவளை யார் அகற்றினார்கள் என்றும் எழுதுங்கள். ரோஸ்மேரியின் கணவனுக்கு அந்தக் கணக்கு நன்றாகத் தெரியும். விருந்து முடிந்து வேறு மருத்துவரைப் பார்க்கப்போகிறேன் என்று அவள் சொன்னதும் அவன் வாயில் வந்த வசவு, அடுக்களைக் கதவைச் சாத்திய அந்தத் தோழிகளுக்குத்தான்.