ஆண்டிகனியும் இளைஞர் வகுப்பும்

பழைய இலக்கியங்களை இளைஞர்க்கு எங்ஙனம் கற்பித்தல் வேண்டும் என்பது எந்நாட்டாருக்கும் உரிய வினா. கிரேக்கத் துன்பியல் நாடகங்களை இக்காலச் சமூகப் பிரச்சினைகள் வாயிலாக இளம் பிராயத்து மாணவர்க்குப் போதிக்கும் முறை மேனாடுகளில் இன்று கையாளப்பட்டு வருகின்றது. இம்முறையின் நன்மையையும், அதன்கண் மறைந்து நிற்கும் ஓர் அபாயத்தையும் ஆராய்வதே நமது நோக்கம். சோபோக்ளிஸ் என்னும் ஏதென்ஸ் நகரத்துக் கவிஞர் கி.மு. 441ஆம் ஆண்டையொட்டி இயற்றிய 'ஆண்டிகனி'யை இதற்கு எடுத்துக்கொள்வோம்.

கதை சிறிது. தீப்ஸ் நகர அரசுரிமைக்காக உடன்பிறந்தார் இருவர் பொருது, ஒருவர் கையால் ஒருவர் மடிகின்றனர். நகரைக் காத்து நின்றவனுக்கு முறையான அடக்கம் நடைபெறுகிறது. அயல்நாட்டுப் படையோடு வந்த பாலினைசிஸின் சடலமோ நாய்க்கும் பறவைக்கும் இரையாகக் கிடத்தல் வேண்டும், அதனைப் புதைப்பவர்க்கு மரணமே தண்டனை என ஆணையிடுகின்றான் புதிய மன்னனாகிய கிரியோன். இவன் இறந்தவர்களின் தாய்மாமன். தங்கையாகிய ஆண்டிகனி ஆணையை மீறித் தமையன்மீது மண் தூவுகின்றாள். அவள் மணக்கவிருந்ததோ அத்தாய்மாமன் மகனாகிய ஹேமனையே. இவ்வுறவு முறையைத் தமிழ் மாணவர்க்கு விளக்கிக் காட்ட வேண்டுவதில்லை!

நாம் ஆங்கிலப் பள்ளியில் பயின்ற நாளில் இத்தகைய நாடகங்களைப் பாத்திரங்களின் பெயர்களாகவும், பரீட்சைக்குரிய இலக்கணங்களாகவுமே மனனம் செய்தோம். அரிஸ்டாட்டில் கூறிய இரக்கத்தையும் அச்சத்தையும் விடைத்தாளில் எழுதினோமேயன்றி, நெஞ்சில் உணர்ந்தோமில்லை. ஆதலின், பழம்பொருளை வாழ்க்கையோடு இணைத்துக் கற்பிப்போரை நாம் குறை கூற மாட்டோம்.

சான்று ஒன்று கூறுவோம். 2014ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் அமெரிக்காவின் பெர்கூசன் நகரில் மைக்கேல் பிரவுன் என்னும் பதினெட்டு வயதுக் கறுப்பின இளைஞன் போலீஸ்காரர் ஒருவரால் சுடப்பட்டு இறந்தான். அவன் உடல் ஏறக்குறைய நான்கு மணி நேரம் தெருவிலே கிடந்தது. இரண்டாண்டுகட்குப் பின்னர், அவன் படித்து வெளியேறிய நார்மண்டி உயர்நிலைப் பள்ளியிலேயே, பிரையன் டோரிஸ் என்பார் 'பெர்கூசனில் ஆண்டிகனி' என்ற பெயரால் இந்நாடகத்தை வாசித்து நடிக்கச் செய்தார். போலீஸ்காரரும் இளைஞரும் பொதுமக்களும் ஒரே பாடகர் குழுவில் நின்று பாடினர். நாடகம் முடிந்தபின் சபையோர் தம் உள்ளத்துள்ளதை எடுத்துரைத்தனர். அடக்கமின்றிக் கிடக்கும் உடல் எத்தகைய புண் என்பதை அங்கிருந்த மாணவர்க்கு வேறு எவரும் போதிக்க வேண்டியதில்லை அன்றோ?

இனி, அபாயம் யாது என்பதைக் காண்போம். கிரியோன் கொடுங்கோலன், ஆண்டிகனி வீராங்கனை என்று முதல் நாளே கரும்பலகையில் எழுதிவிடும் ஆசிரியர் நாடகத்தைத் துண்டுப் பிரசுரமாக்கி விடுகின்றார். நூலோ அங்ஙனம் அமைந்ததன்று. துரோகிகளை நாட்டு எல்லைக்குள் புதைக்கலாகாது என்பது ஏதென்ஸ் நகரத்தாரின் சட்டமேயாகும். ஆகவே, கிரியோனின் ஆணையைச் செவியுற்ற மக்கள் அனைவரும் உடனே அதனை வெறுத்திருப்பர் எனக் கொள்ளுதல் பொருந்தாது. எல்லைக்கு வெளியேயும் அடக்கம் கூடாதென அவன் வரம்பு கடந்ததே குற்றம். தன் உறவினரினும் நாடே பெரிதென அவன் ஆற்றும் முதல் உரையை, ஏறக்குறைய நூறாண்டு கழித்து, கி.மு. 343இல் டெமாஸ்தனிஸ் என்னும் நாவலர் அரசியல்வாதிக்குரிய நன்மொழியாக நீதிமன்றத்தில் படிக்கச் செய்தார். கொடியவன் வாய்ச் சொல்லை எவரேனும் இங்ஙனம் போற்றுவரோ?

நாடகத்தின் அமைப்பும் இதனையே காட்டுகின்றது. 1,350 வரிகட்குச் சற்று மேற்பட்ட இந்நூலில் ஏறக்குறைய 940ஆம் வரியோடு ஆண்டிகனி மேடையினின்றும் நீங்குகின்றாள். எஞ்சிய 400 வரிகளும் கிரியோனுக்கு உரியவை. வெள்ளத்தில் வளைந்து கொடுக்கும் மரமே பிழைக்கும் என ஹேமன் தந்தைக்கு எடுத்துரைக்கின்றான். மன்னன் செவி சாய்த்தானில்லை. பின்னர்க் குருட்டு ஞானி டைரீசியஸின் சொற்கேட்டு மனந்திரும்பியபோது காலம் கடந்துவிட்டது. ஆண்டிகனி தூக்கிட்டு மாண்டாள்; மகன் மாண்டான்; மனைவியும் மாண்டாள். உயிரோடு எஞ்சியவன் அவன் ஒருவனே. அவனுக்காக இரங்காத மாணவன் இந்நாடகத்தைப் பாதியே படித்தவனாவான்.

ரோபன் தீவுச் சிறையில் கைதிகள் இந்நாடகத்தை நடித்தபோது நெல்சன் மண்டேலா ஏற்ற வேடம் யாது? கிரியோன் வேடமே! அம்மன்னன் தொடக்கத்தில் நாட்டன்பும் நல்லறிவும் உடையவனாகவே பேசுகின்றான் என்றும், வளையாத பிடிவாதமே அவனைக் கெடுத்தது என்றும் அவர் பிற்காலத்தில் எழுதினார். கொடுமையை அனுபவித்தவரே அதனை இழைப்பவன் உள்ளத்துள் புகுந்து பார்த்தார். கல்வி என்பது இதுவன்றோ?

நம்மவர்க்கும் இதில் பாடம் உண்டு. சீர்திருத்தக் கூட்டத்தாராகிய நாம் நாடக மேடையைப் பிரசாரத்திற்கு மிகுதியும் பயன்படுத்தியுள்ளோம். சாதி வெறியனையும் பேராசைக்காரனையும் மேடையேற்றிக் கைதட்டல் பெற்றோம். அது வேண்டிய பணியே. அதனை நாம் இகழவில்லை. ஆயினும், கைதட்டிய நம்முள்ளேயே ஒரு கிரியோன் அமர்ந்திருக்கக்கூடும் என்னும் ஐயத்தை அம்மேடை எழுப்பிற்றா? மகன் வாய் திறந்தால் அதட்டி அடக்கும் தந்தை சீர்திருத்தவாதியாகவும் இருத்தல் கூடும்.

ஆதலின் ஆசிரியர்க்கு நாம் கூறுவது இதுவே. இக்காலப் பிரச்சினையை வாயிலாகக் கொள்க. அதனையே வீடாகக் கொள்ளற்க. முதலில் மாணவனை ஆண்டிகனிக்காக வாதாடச் செய்க. மறுநாள் அவனையே கிரியோனுக்காக வாதாடச் செய்க. அச்சத்தால் பின்வாங்கிப் பின்னர்த் தமக்கையோடு சாகத் துணிந்த இஸ்மினியையும் மறவற்க. நம்மிற் பலர் அவளைப் போன்றவரே. இரண்டு பக்கமும் பேசிப் பழகிய இளைஞன் நாளை சங்கத்திலோ, குடும்பத்திலோ தலைமை ஏற்கும்போது, பிறர் சொல்லைக் காலம் கடக்குமுன் கேட்பான். அதற்கு உதவாத கல்வியால் பயன் என்ன?