பயிற்சிக்கூடம் அதே ஊரில் இருந்தது

ஜெர்மனியின் மேற்கே, ஆர் என்ற சிற்றாற்றின் கரையில் பாட் நொயனார்-ஆர்வைலர் நகரம் இருக்கிறது. பேரிடர் வேளையில் நிர்வாகத் தலைவர்கள் எப்படி முடிவெடுக்க வேண்டும் என்று நாடெங்கிலுமிருந்து அதிகாரிகளை வரவழைத்துப் பயிற்றுவிக்கும் கூட்டரசின் கல்விக்கழகம் அங்கேதான் இயங்குகிறது. 2021 ஜூலை 14 அன்று அந்த ஆறு பெருக்கெடுத்தது. மேற்புறத்து ஊர்கள் மாலையிலேயே மூழ்கத் தொடங்கின. மாவட்ட நிர்வாகம் உச்ச எச்சரிக்கையை அறிவித்துக் கரையோர மக்களை வெளியேறச் சொன்னபோது இரவு 11 மணி தாண்டிவிட்டது. கீழ்ப்புறத்துச் சின்சிக்கில் மாற்றுத்திறனாளிகள் இல்லத்தில் 12 பேர் நள்ளிரவுக்குப் பின் இறந்தார்கள். அந்தப் பள்ளத்தாக்கில் மட்டும் 130-க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின.

ஆட்சியாளர்களுக்குத் தலைமைப் பயிற்சி தருவதில் ஜெர்மனி பின்தங்கிய நாடல்ல. போரில் தோற்ற மண்ணில் 1947-லேயே ஷ்பயர் நகரில் நிர்வாகவியல் கல்விக்கழகம் எழுந்தது. அப்போது அப்பகுதியை ஆண்ட பிரெஞ்சுக்காரர்கள், தங்கள் நாட்டில் 1945-இல் தொடங்கிய ஈ.என்.ஏ. நிர்வாகப் பள்ளியை மனத்தில் வைத்து அதை அமைத்தார்கள். கூட்டரசு ஊழியர்களுக்கென 1969-இல் இன்னொரு கல்விக்கழகம் வந்தது. பாடன்-வியூர்ட்டம்பேர்க் மாநிலத்தில், முதல்வர் லோதர் ஷ்பேட் காலத்தில், 1986-இல் கார்ல்ஸ்ரூஹ நகரில் தலைமைக் கல்விக்கழகம் தொடங்கப்பட்டது. சில ஆண்டுகள் பணியாற்றித் தேறியவர்களைத் தேர்ந்தெடுத்து, ஓராண்டுக்கு மேல் அங்கே பயிற்றுவிக்கிறார்கள்.

இந்த முறையின் பெரிய பலம், பணியின் நடுவே பயிற்சி தருவது. பிரான்ஸ் இளம் வயதிலேயே ஒரே பள்ளியில் மாணவர்களைச் சேர்த்து, அங்கே பெற்ற தரவரிசையைக் கொண்டு உயர்பதவிகளைப் பங்கிட்டது. அதனால் அங்கே ஒரு தனிச்சாதியே உருவாகிவிட்டது என்ற கோபம் பெருகி, அதிபர் மக்ரோன் 2021 இறுதியில் அந்தப் பள்ளியையே மூடினார். ஜெர்மனியில் 16 மாநிலங்களும் தத்தம் வழியில் போவதால் அந்த ஆபத்து நேரவில்லை. ஆனால் சட்டம் படித்தவர்களே உயர்பணிகளை நிறைத்திருப்பதை எந்தப் பயிற்சியும் மாற்றவில்லை. விதிகளைப் பிசகாமல் பொருத்திப் பார்க்கும் மனப்பழக்கம் சாதாரண நாளில் பெரிய வரம். தண்ணீர் ஏறும் இரவில், தகவல் முழுமையாகக் கிடைக்கட்டும் என்று காத்திருக்க வைப்பதும் அதே பழக்கம்தான்.

சட்டமன்ற உறுப்பினர்களின் நிலை வேறு. அவர்களை யாரும் வகுப்பில் உட்கார வைக்க முடியாது, உட்கார வைக்கவும் கூடாது. மக்களவை உறுப்பினர் தம் மனசாட்சிக்கு மட்டுமே கட்டுப்பட்டவர் என்கிறது அடிப்படைச் சட்டத்தின் 38-ஆம் பிரிவு. மாநிலங்களும் அதே நெறியில் நிற்கின்றன. அரசியலுக்கு வருவோரைப் பயிற்றும் வேலையை அடெனாவர், எபர்ட் போன்ற தலைவர்களின் பெயர் தாங்கிய, கட்சி சார்ந்த அறக்கட்டளைகள் அரசுப் பணத்தில் செய்கின்றன. எதிர்க்கட்சிக்காரருக்கு ஆளுங்கட்சி பாடத்திட்டம் வகுக்க முடியாது என்பது இதில் பெரிய பாதுகாப்பு. அந்தப் பணம் யாருக்கு, எந்த அளவுகோலில் என்பதற்குச் சட்டம் வேண்டும் என்று அரசியல்சாசன நீதிமன்றம் 2023-இல்தான் சொன்னது. அவரவர் தம் கட்சிக்காரரோடு மட்டுமே அமர்ந்து கற்பது இதன் குறை. சமூகவியலாளர் மாக்ஸ் வேபர் 1918-லேயே இதற்கு விடை வைத்திருந்தார்: நிர்வாகத்தைத் துருவிக் கேட்கும் குழுப்பணியே தலைவர்களை வளர்க்கும் என்றார். உறுப்பினர்களைப் பொறுத்தவரை அதைவிட நல்ல பள்ளி இன்றும் இல்லை என்பதே என் கருத்து.

சிக்கல் அதிகாரிக்கும் சட்டமன்ற உறுப்பினருக்கும் நடுவே நிற்பவரிடம் இருக்கிறது. ஆர் பள்ளத்தாக்கு அடங்கிய ரைன்லாந்து-பலாட்டினேட் மாநிலத்தில் லாண்ட்ராட் எனப்படும் மாவட்டத் தலைவரை மக்கள் நேரடியாக எட்டு ஆண்டுகளுக்குத் தேர்ந்தெடுக்கிறார்கள். பேரிடரில் இறுதிப் பொறுப்பு அவருடையது. அவருக்கு அரசியல்வாதியின் சுதந்திரமும் அதிகாரியின் அதிகாரமும் ஒருசேர இருக்கின்றன. ஆனால் அதிகாரிக்குரிய பயிற்சிக் கட்டாயம் இல்லை. ஆர்வைலர் கல்விக்கழகம் அப்படிப்பட்டவர்களையும் அழைக்கத்தான் செய்கிறது, வருவதும் வராததும் அவர்கள் விருப்பம். வெள்ளம் குறித்து விசாரித்த கோப்லென்ஸ் அரசு வழக்குரைஞர்கள், மாவட்டத்தின் பேரிடர் அமைப்பில் கடுமையான குறைகள் இருந்ததைப் பதிவுசெய்தார்கள். தனிமனிதர் மீது குற்றம் நிறுவ முடியாதென்று 2024-இல் வழக்கை முடித்துக்கொண்டார்கள். சட்டப்படி அது சரியான முடிவாகவே இருக்கலாம். அதனால்தான் கேள்வி முன்கூட்டியே செய்திருக்க வேண்டிய ஆயத்தத்தின் பக்கம் திரும்புகிறது.

நம் ஊரில் நிலைமை தலைகீழ். 2005-ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டப்படி மாவட்ட ஆணையத்தின் தலைவர் முசூரியில் பயிற்சி பெற்று வந்த ஆட்சியர். உள்ளாட்சித் தலைவருக்கு அதில் இணைத்தலைவர் இடம் உண்டு என்றாலும், வெள்ளம் வந்தால் நாம் எதிர்பார்ப்பது ஆட்சியரின் உத்தரவைத்தான். பயிற்சி பெற்றவரிடமே அதிகாரமும் இருப்பது நிம்மதியாகத் தோன்றலாம். எனக்கு அதில் உடன்பாடில்லை. வாக்களித்த மக்களுக்குப் பதில் சொல்ல வேண்டியவர் கையில் அதிகாரத்தைக் கொடுத்த ஜெர்மன் ஏற்பாடே மேலானது. அந்தக் கையைப் பழக்காமல் விட்டதுதான் பிழை.

ரைன்லாந்து-பலாட்டினேட் 2025 ஜனவரியில் தீயணைப்புக்கும் பேரிடர் காப்புக்கும் கோப்லென்ஸில் தனித் துறையொன்றைத் தொடங்கியிருக்கிறது. நல்லது. அதோடு, பதவியேற்ற முதல் ஆறு மாதத்துக்குள் ஒவ்வொரு மாவட்டத் தலைவரும் தம் சொந்த ஊழியர்களோடு சேர்ந்து ஒரு முழு இரவு ஒத்திகையை நடத்தியாக வேண்டும் என்று எல்லா மாநிலங்களும் சட்டமியற்ற வேண்டும். ஒத்திகையின் முடிவை மாவட்ட மன்றத்தில் வைத்து, மக்கள் படிக்கும்படி வெளியிட வேண்டும்.