வெள்ளைப் பூச்சில் ஒரு சிவப்புக் கோடு

திருச்சிக்கு வருகிறவர்களிடம் கைநேர்த்தியைக் காட்ட ஸ்ரீரங்கத்துச் சேஷராயர் மண்டபத்துக்கு அழைத்துப் போகிறோம். பாயும் அந்தக் கல் குதிரைகள் எனக்கும் அலுத்ததில்லை. ஆனால் அதற்குச் சமமாக நான் மதிக்கும் இன்னொரு கலை பொன்மலை ரயில்வே பணிமனையிலும், பெல் (BHEL) தொழிற்சாலை வளாகத்திலும், துவாக்குடிப் பட்டறைகளிலும் இருக்கிறது: உலோகத்தில் விரிசல் தேடுவது.

டை பெனட்ரன்ட் சோதனையைச் சொல்கிறேன். சுத்தம் செய்த பாகத்தில் சிவப்புச் சாயம் பூசிப் பத்து நிமிடமாவது காத்திருக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத பிளவுக்குள் சாயம் தானே ஏறிவிடும். பிறகு துடைக்க வேண்டும். கை தெரிவது இங்கேதான். அவசரக்காரர் கரைப்பானை நேரே பீய்ச்சுவார், பிளவுக்குள் இருக்கும் சாயமும் கழுவிக்கொண்டு போய்விடும். தேர்ந்தவர் துணியை மட்டும் நனைத்துத் துடைப்பார். அடுத்து வெள்ளைத் தூள், மிக மெல்லிசாக. தடித்தால் நுண்கோடு மறைந்துவிடும். சற்று நேரத்தில் வெண்மையிலிருந்து மயிரிழைச் சிவப்பு கசிந்து எழும். எத்தனை முறை பார்த்தாலும் மனம் துள்ளும்.

இந்த விரிசல்கள் ஏன் பிறக்கின்றன? ரயில் அச்சு ஒவ்வொரு சுற்றிலும் மேலும் கீழுமாக வளைந்து நிமிர்கிறது. 1842இல் பாரிஸ் அருகே வெர்சாய் பாதையில் அச்சு முறிந்து பலர் மாண்டார்கள். தாங்கக்கூடிய சுமையே திரும்பத் திரும்ப விழுந்தால் இரும்பு முறியும் என்பதைப் பின்னர் ஜெர்மன் பொறியாளர் வோலர் சோதனைகளால் நிறுவினார். ஹெலிகாப்டர் ரோட்டாருக்கும் இதே விதிதான். முன்னோக்கிப் பறக்கையில் ஒவ்வோர் இறக்கையின் சுமையும் சுற்றுக்கொரு முறை ஏறி இறங்கும். நிமிடத்துக்கு 300 சுற்று என்றால் மணிக்கு 18,000 முறை! அதனால் அங்கே சிறு விரிசலையும் தவறவிட முடியாது; சாயம் பூசுமுன் சுத்தம் செய்வதே தனிக் கலை. அலுமினியப் பாகத்தின் பெயின்ட்டை மணல் பீய்ச்சி உரித்தால் உலோகம் நசுங்கி விரிசலின் வாய் மூடிக்கொள்ளும், சாயம் நுழையாது.

சாயத்துக்கு எல்லை உண்டு: மேற்பரப்பில் வாய் திறந்த விரிசலை மட்டுமே அது காட்டும். 2016இல் நார்வேயில் ஒரு ஹெலிகாப்டரின் பிரதான ரோட்டாரே கழன்று 13 பேர் இறந்தார்கள். கியர் பல்சக்கரத்தில் மேற்பரப்புக்கு அடியிலேயே விரிசல் வளர்ந்திருந்தது. அச்சுகளில் அத்தகைய ஆழத்தைத் தேட அல்ட்ராசானிக் ஒலியை அனுப்பி, எதிரொலியைத் திரையில் படிக்கிறார்கள். சக்கரம் இறுக்கிப் பொருத்திய இடமும் எதிரொலி தரும் என்பதால் அதைப் படிக்கப் பழக்கம் வேண்டும். கல்லைத் தட்டி ஓசையில் குறை கண்ட சிற்பிகளின் காது இவர்களிடம் கண்ணாகியிருக்கிறது.

இருந்தும் என் பிரியம் சிவப்புக் கோட்டுக்கே. எழும் கோடெல்லாம் விரிசல் அல்ல. கருவி பட்ட கீறலும் சாயம் பிடிக்கும். விஷயம் தெரிந்தவர் முதலில் இடத்தைப் பார்ப்பார்: விட்டம் மாறும் வளைவா, சாவிப் பள்ளத்தின் மூலையா, போல்ட் துளையின் ஓரமா? பிறகு கோட்டைத் துடைத்து மறுபடி வெள்ளை பூசுவார். மேலோட்டமான கீறலில் இரண்டாம் முறை கசிய அநேகமாகச் சாயம் மிஞ்சாது. ஆழமான விரிசல் மீண்டும் கசியும்.