ஃபஸ் ஃபேஸுக்கு எந்த டிரான்சிஸ்டர்?

லண்டனில் ஆர்பிட்டர் நிறுவனம் 1966-இல் கொண்டுவந்த ஃபஸ் ஃபேஸ் பெடலைத் திறந்து பார்த்தால், இவ்வளவுதானா என்று தோன்றும். இரண்டு டிரான்சிஸ்டர், நான்கு ரெசிஸ்டர், மூன்று கெப்பாசிட்டர், திருக இரண்டு குமிழ். ஜிமி ஹென்ட்ரிக்ஸின் கிதார் உறுமியது இதன் வழியாகத்தான். பாகங்கள் இத்தனை குறைவு என்பதால், அந்த இரண்டு டிரான்சிஸ்டரும் எப்படியோ அப்படித்தான் சத்தமும்.

இதே சர்க்யூட்டை இரண்டு போர்டுகளில் கட்டினேன். ஒன்றுக்கு ஜெர்மானியம் ஏசி128, மற்றதற்கு சிலிக்கான் பிசி108. முன்னது பிஎன்பி, பின்னது என்பிஎன். பேட்டரியின் துருவமே மாறிவிடும் என்பதால் ஒரே போர்டு உதவாது. டிரான்சிஸ்டர்களை சால்டர் வைக்காமல் சாக்கெட்டில் செருகி, மாற்றி மாற்றி வாசித்தேன்.

பழைய பெடல்களில் இருந்த என்கேடி275-ஐத்தான் பலரும் தேடுகிறார்கள். விலையும் அதிகம், போலிகளும் உலவுகின்றன. அந்த எண்ணுக்காகப் பணத்தைக் கொட்ட வேண்டாம். அளந்து எடுத்த ஏசி128 போதும்.

அளப்பதில்தான் விஷயமே இருக்கிறது. ஜெர்மானியத்தில் பேஸுக்கு மின்சாரம் கொடுக்காவிட்டாலும் கொஞ்சம் கசிந்துகொண்டே இருக்கும். சாதாரண மல்டிமீட்டர் அந்தக் கசிவையும் பெருக்கத்தோடு சேர்த்துக் காட்டிவிடும். பெடல் சர்க்யூட்டுகளைப் பற்றி எழுதும் ஆர். ஜி. கீன் பரப்பிய வழி எளிது: 9 வோல்ட் பேட்டரி, கலெக்டரில் ஏறத்தாழ 2.4 கிலோஓம். பேஸைத் தொடுக்காமல் அந்த ரெசிஸ்டரின் இரு முனைகளுக்கிடையே வோல்ட்டேஜைப் பாருங்கள், அது கசிவு. பிறகு பேஸுக்கு 2.2 மெகாஓம் வழியாக இணைப்புக் கொடுத்து மறுபடி பாருங்கள். என்னிடம் இருந்த ஒன்று முதலில் 0.6, பிறகு 1.5 காட்டியது. வித்தியாசம் 0.9, நூறால் பெருக்கினால் உண்மையான பெருக்கம் 90. கசிவைக் கழிக்காமல் விட்டிருந்தால் 150 என்று நம்பியிருப்பேன்.

அளக்கும்போது டிரான்சிஸ்டரை விரலால் பிடிக்காதீர்கள். பிடித்த மாத்திரத்தில் மீட்டரில் எண் மெல்ல ஏறுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். ஏறத்தாழ 10 டிகிரி சூடு கூடினால் கசிவு இரட்டிப்பாகும். அதனால் செருகியபின் ஐந்து நிமிடம் ஆறவிட்டே எண்ணைக் குறிக்கிறேன்.

சர்க்யூட்டில் முதல் இடத்துக்கு வேண்டிய பெருக்கம் 70, 80. இரண்டாவதற்கு 110 முதல் 130 வரை. 8.2 கிலோஓம் ரெசிஸ்டருக்குப் பதில் ஒரு டிரிம்பாட் வைத்து, இரண்டாவது டிரான்சிஸ்டரின் கலெக்டரில் 4.5 வோல்ட் அளவுக்குக் கொண்டுவந்தேன். அந்த இடத்தில் சத்தம் பருத்து, நீண்டு நிற்கிறது. அதை விட்டு நன்றாக விலகினால் நோட்டு திக்கித்திக்கிச் செத்துவிடுகிறது.

ஏசி128-இன் அழகு கிதாரின் வால்யூமைக் குறைக்கும்போதுதான் தெரியும். உறுமல் கரைந்து, மணி போன்ற தெளிந்த ஒலி வருகிறது. பெடலைக் காலால் அணைக்கவே தேவையில்லை. பிசி108 இதைவிடக் கூர்மை, ஆவேசம். லீட் வாசிக்கும்போது மற்ற கருவிகளைக் கிழித்துக்கொண்டு மேலே வரும். ஆனால் வால்யூமைக் குறைத்தால் இந்த அளவுக்குத் தெளிவதில்லை.

கோடை மதியத்தில் மின்விசிறி மட்டும் ஓடும் அறையில் ஏசி128 போர்டை ஒரு மணி நேரம் வாசித்தேன். அந்த 4.5 வோல்ட் பயாஸ் நழுவி, டிரிம்பாட்டை மறுபடி திருப்ப வேண்டியிருந்தது. பிசி108 அசையவில்லை. விளக்குச் சூட்டில் மேடையேறுபவர் சிலிக்கானையே கட்டட்டும். வீட்டில் வாசிக்க நான் வைத்துக்கொண்டது 78-உம் 118-உம் அளந்த ஏசி128 ஜோடி. டிரிம்பாட்டை எட்டித் திருப்ப மூடியில் ஒரு சிறு துளையும் போட்டிருக்கிறேன்.